துடுப்பு வலித்தவர் அடிமையா?

கேள்வி: கி.பி. 79இல், வெசுவியஸ் எரிமலை வெடித்த நாட்களில் நடக்கும் நாவல் எழுதுகிறேன். நாயகன் ரோமானியரின் மிசேனம் கடற்படையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டுத் துடுப்பு வலிக்கும் அடிமை. இது பொருந்துமா? போரில்லாக் காலத்தில் அந்தக் கப்பல்களுக்கு என்ன வேலை?

பதில்: சங்கிலியை முதலில் கழற்றிவிடுங்கள். அது பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தைய மத்தியதரைக் கடல் காட்சி. எதிரணி ரோமத் தளபதி செக்ஸ்டஸ் பாம்பேயுடன் நடந்த கடற்போருக்கு ஆள் பற்றாமல் அடிமைகளைச் சேர்த்தபோதுகூட, பின்னர் முதல் ரோமப் பேரரசரான அகஸ்டஸ் அவர்களுக்கு விடுதலை கொடுத்த பிறகே துடுப்பில் உட்கார வைத்தார்.

அகஸ்டஸ் நேப்பிள்ஸ் வளைகுடாவின் வடமேற்கு முனையில் நிறுவிய மிசேனம் படையில் எகிப்து, திரேஸ் போன்ற மாகாணங்களின் சுதந்திர மனிதர்களே பெரும்பாலும் சேர்ந்தார்கள். சம்பளம் உண்டு. 26 ஆண்டுகள் பணியாற்றினால் ரோமக் குடியுரிமை. அதற்குச் சான்றாக வெண்கலத் தகடு.

உங்கள் நாயகனுக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வந்து சேர்ந்த அப்பியோன் என்ற இளைஞர் தந்தைக்கு எழுதிய பாப்பிரஸ் கடிதம் கிடைத்திருக்கிறது. கடலில் ஆபத்திலிருந்து காத்த செராபிஸ் தெய்வத்துக்கு நன்றி சொல்கிறார். வழிச்செலவுக்கு மூன்று பொற்காசுகள் கிடைத்ததையும், அன்டோனியஸ் மாக்சிமஸ் என்று பெயர் மாறியதையும் தெரிவிக்கிறார். தன் உருவப்படத்தையும் அனுப்புகிறார். எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இது. ஒரு பிள்ளையின் பெருமிதம் அதில் அப்படியே இருக்கிறது.

போரில்லாவிட்டாலும் வேலை குறையவில்லை. கடற்கொள்ளை தலைதூக்காமல் காவல், படைகளையும் அதிகாரிகளையும் ஏற்றிச் செல்லுதல், செய்தி கொண்டுசெல்லுதல். ரோம் நகரிலும் ஒரு பிரிவு தங்கியிருந்தது. பாய்மரக் கயிறுகளில் பழகிய இவர்கள்தான் அரங்குகளில் வெயில் மறைக்கும் பெரிய துணிப் பந்தலை இயக்கினார்கள். ஆனால் கொலோசியம் திறக்கப்பட்டது 80இல். அதை உங்கள் கதைக்குள் கொண்டுவராதீர்கள். துறைமுகக் காட்சி வேண்டுமானால் பிசினா மிராபிலிஸ் என்ற நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் 48 தூண்களை இன்றும் பார்க்கலாம்.

எரிமலை வெடித்தபோது மிசேனம் படைத்தலைவர், இயற்கை ஆய்வாளருமான மூத்த பிளினி. அதை அருகில் சென்று ஆராய முதலில் ஒரு சிறு படகைத்தான் கேட்டார். உதவி கேட்டு ரெக்டினா என்ற பெண்மணியின் கடிதம் வந்ததும், குவாட்ரிரீம் எனப்படும் பெரிய போர்க்கப்பல்களை இறக்கினார். நெருங்க நெருங்கச் சூடான சாம்பலும் நுரைக்கல்லும் கப்பல்கள் மேல் கொட்டின. மாலுமி திரும்பிவிடலாம் என்றார். பிளினி மறுத்து, வளைகுடாவின் எதிர்ப்பக்க ஊரான ஸ்டாபியே கரைக்குப் போனார். அங்கே கொண்டுசேர்த்த அதே காற்று திரும்பும் வழியை அடைத்தது. மறுநாள் காலையிலும் கடல் அடங்கவில்லை. அந்தக் கரையிலேயே பிளினி இறந்தார். ஆகவே, அவருடன் போகும் நாயகனை அன்றிரவே மிசேனத்துக்குத் திரும்ப வைத்துவிடாதீர்கள்.