லாயத்துக்குப் போக நிற்கும் பையனின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

மகன் ஈப்போவில் பந்தயக் குதிரை லாயத்து வேலைக்குப் போக நிற்கிறான், அனுப்பலாமா என்று யோசனை கேட்க, சனிக்கிழமை சுங்கை சிப்புட் டவுனுக்கு என்னைப் பார்க்க வந்தீர்கள். தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது இல்லை என்று பாதிப் பேச்சில் எழுந்துவிட்டீர்கள். "ஈப்போவில் குதிரைக்கெல்லாம் மருந்து போடுகிறார்களாமே சார், அங்கே போனால் என் பிள்ளை கெட்டுப்போக மாட்டானா?" என்று வாசலில் நின்று கேட்டீர்கள். நானும் அவசரத்தில் "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தால் அது அரைகுறைப் பதிலாகப் பட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். வேறு சில பெற்றோரும் இதையே கேட்டிருப்பதால், உங்கள் பேர் தெரியாதபடி பொதுவிலும் போடுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் உங்கள் பயத்தைப் பிரித்துப் பார்ப்போம். கடைத்தெருப் பின்புறம் பையன்கள் கஞ்சாவும் சியாபுவும் இழுப்பதைத்தான் நீங்கள் மனத்தில் வைத்திருக்கிறீர்கள். பந்தயத் திடலில் பேசப்படும் மருந்து வேறு. அது குதிரையின் உடம்புக்குள் போவது. குதிரை ஓட்டும் ஜாக்கிகளையும் சோதிப்பார்கள் என்பது உண்மைதான். எடை குறைக்க நீர் இறங்கும் மாத்திரை போட்டால்கூடப் பல நாடுகளில் மாட்டிக்கொள்வார்கள். ஆனால் உங்கள் மகன் போகப்போவது மாமாவோடு சைஸ் வேலைக்கு. குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, லாயம் கூட்டி, நடத்திக் கூட்டிப்போகிற வேலை. அந்த வேலையில் குதிரை மருந்து விதி தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. போதைப் பழக்கத்தைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

ஏன் என்று கேட்டால், உங்கள் அடுப்படியிலேயே பாதி 'ஊக்கமருந்து' இருக்கிறது.

குருமாவுக்கு அரைக்கிறீர்களே, கசகசா. அந்தச் செடியில் மார்ஃபின் இருக்கிறது. 2014-இல் இங்கிலாந்து ராணியாரின் குதிரை எஸ்டிமேட், ராயல் ஆஸ்கட் கோல்ட் கப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. சோதித்துப் பார்த்தால் மார்ஃபின். யாரும் ஊசி போடவில்லை, தீவனத்தோடு கலந்து போயிருந்தது. ராணியார் குதிரை என்று விட்டுவிட்டார்களா? இல்லை, இரண்டாம் இடம் பறிபோயிற்று. வேலியோரம் முளைக்கிற ஊமத்தையின் இனம் வைக்கோலில் கலந்துவிட்டாலும் இதே கதைதான். காப்பியில் இருக்கும் கஃபீன், மைலோவில் இருக்கும் கொக்கோவின் தியோபுரோமின் இரண்டும் தடைப் பட்டியலில் உண்டு. தியோபுரோமினுக்கு வரம்பு ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 2 மைக்ரோகிராம். பையன் மைலோ குடித்துவிட்டு மிச்சத்தைத் தீனித் தொட்டியில் ஊற்றக்கூடாது என்பதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

ஆப்பச் சோடாவும் இருக்கிறது. இதைத் தண்ணீரில் கரைத்து, மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றுக்குள் இறக்குவது பழைய தில்லுமுல்லு. ஓடும்போது தசையில் ஊறும் அமிலத்தை அது கொஞ்சம் தணித்து, களைப்பைத் தள்ளிப்போடும் என்று நம்பிச் செய்வது. இதைப் பிடிக்க இரத்தத்தில் மொத்தக் கரியமில வாயுவை அளக்கிறார்கள். லிட்டருக்கு 36 மில்லிமோலைத் தாண்டினால் விசாரணைதான்.

மிளகாயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் காரமான கேப்சைசின் பூசினால் தோல் எரியும், பிறகு வலி மரத்துப்போகும். இரண்டு விதத்திலும் ஏமாற்றலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. தடை தாண்டும் போட்டியில் நார்வே அணி வாங்கிய வெண்கலம், ஒரு குதிரையிடம் கேப்சைசின் கண்டுபிடிக்கப்பட்டதால் கைநழுவிப் போனது.

உங்கள் வீட்டுக்காரர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறார் என்றீர்களே, அதுவும் குதிரைக்குக் கூடாது. அமெரிக்காவில் அண்மையில் மெட்ஃபார்மின் வழக்குகளே நடந்திருக்கின்றன. மனிதன் போட்ட மாத்திரை குதிரைக்கு எப்படிப் போகும்? லாயத்து ஆள் அலுப்புப் பட்டுக்கொண்டு, கழிவறைக்குப் போகாமல் வைக்கோல் மேலேயே ஒண்ணுக்கு விடுகிறான். குதிரை அந்த வைக்கோலைக் கொறிக்கிறது. அவ்வளவுதான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் லாயத்துக்குப் போகிற எந்தப் பையனுக்கும் நான் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

இதெல்லாம் ஏட்டுப் படிப்பில்லை. பல வருடங்களுக்கு முன் ஒரு பையனை நானே ஒரு லாயத்துக்கு அனுப்பி வைத்தேன். நல்ல பையன், வாயில்லாப் பிராணி என்றால் உயிரை விடுவான். ஒரு குதிரைக்குக் காதோரம் தோல் புண். அவனுக்குக் கிளினிக்கில் கொடுத்த அரிப்புக் களிம்பு சட்டைப்பையில் இருந்தது. பாவம் பார்த்துக் கொஞ்சம் தடவிவிட்டான். குதிரை ஜெயித்தது, சோதனையில் ஸ்டீராய்டு வந்தது. பயிற்சியாளருக்கு அபராதம், பரிசுப் பணம் திரும்பப் போனது, பையன் அன்றைக்கே வெளியே. அவன் அம்மா என் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். குதிரை லாயத்தில் ஒழுங்காக இரு, காசு சேர், சீட்டாடாதே என்று மணிக்கணக்கில் பேசி அனுப்பிய நான், சட்டைப்பைக் களிம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

பிறகு 2021-இல் அமெரிக்காவின் கெண்டக்கி டெர்பியில் இதே மாதிரி ஒன்று நடந்தபோது உலகமே பேசியது. முதலில் வந்த மெடினா ஸ்பிரிட் குதிரையிடம் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 21 பைக்கோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் 21 பங்கு! தோல் நோய்க்குப் பூசிய களிம்பிலிருந்து வந்தது என்று பயிற்சியாளர் பாப் பாஃபர்ட் தரப்பு வாதாடியது. 2022 பிப்ரவரியில் வெற்றியைப் பறித்து, இரண்டாவதாக வந்த மாண்டலூனுக்குக் கொடுத்தார்கள். களிம்போ ஊசியோ, உடம்பில் இருந்ததா என்பதுதான் கேள்வி. இந்தத் தொழிலில் 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்பது தண்டனையைக் குறைக்கலாம், குதிரையின் இடத்தைக் காப்பாற்றாது. முதல் பொறுப்பு பயிற்சியாளர் தலையில். அவர் கோபம் யார் மேல் இறங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தம்பி கேட்பான். சூதாடுகிறவன் காசுக்காக மட்டும் என்று நினைத்துவிடப் போகிறான். 500 கிலோ எடையுள்ள குதிரை மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது, ஒல்லியான கால் எலும்புதான் அதைத் தாங்குகிறது. எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தால் வலிக்கும், குதிரை நொண்டும், ஓட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். வலிமருந்து கொடுத்துவிட்டால் நொண்டாது. நொண்டாத குதிரை முழு வேகத்தில் ஓடும், அப்போதுதான் கால் முறியும். மேலே இருப்பவனும் பின்னால் வருபவனும் சேர்ந்து விழுவார்கள். மற்ற நாளில் கால்நடை மருத்துவர் வலிமருந்து கொடுப்பதில் தப்பில்லை. உடம்பை விட்டு இறங்கும்வரை காத்திருந்து ஓட்ட வேண்டும், கொடுத்ததை அன்றைக்கே பதிவேட்டில் எழுத வேண்டும். ஆனால் தசையை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு போன்றவை பந்தயக் குதிரைக்கு எந்த நாளிலும் கூடாது. சர்வதேசக் குதிரைப் பந்தயக் கூட்டமைப்பின் உடன்படிக்கையில் 6-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது. நம் மலாயன் ரேசிங் அசோசியேஷனும் அந்தக் கூட்டமைப்பில் இருக்கிறது.

வேண்டுமென்றே செய்கிறவர்களும் உண்டு, மறைக்க மாட்டேன். 2013-இல் இங்கிலாந்தில் மஹ்மூத் அல் ஸரூனி என்ற பெரிய பயிற்சியாளருக்கு ஸ்டீராய்டு விவகாரத்தில் 8 வருடத் தடை. அமெரிக்காவில் ஹோர்ஹே நவாரோ என்ற பயிற்சியாளர் குதிரைகளுக்கு ஊக்கமருந்து கொடுத்த வழக்கில் 2021-இல் 5 வருடச் சிறைத் தண்டனை வாங்கினார். இங்கே உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. யார் கையில் சிரிஞ்சைக் கொடுத்து 'பிடி' என்றாலும் பிடிக்கக்கூடாது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் தவிர வேறு யார் கொடுத்த பொடியும் தொட்டியில் விழக்கூடாது. வேலை வாங்கும் மேலாளான மண்டோர் சொன்னாலும் சரி. லாயத்திலும் மண்டோர்தான், நம் தோட்டத்தில் மாதிரியே. மண்டோர் சொல்லைத் தட்டக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது கஷ்டம். அதனால்தான் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஒரு காட்சியையும் சொல்லிவிடுகிறேன். பந்தயம் முடிந்து ஜெயித்த குதிரையை நேரே சோதனைக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். குதிரை வியர்த்து ஊற்றும், சைஸ் பக்கத்தில் நின்று மெல்ல விசிலடிப்பான். விசில் கேட்டால் சிறுநீர் விடும்படி பழக்கியிருப்பார்கள். வராவிட்டால் கழுத்து நரம்பில் இரத்தம். எடுத்ததை 'ஏ', 'பி' என்று இரண்டாகப் பிரித்து, எண் போட்டு, முத்திரை வைப்பார்கள். பயிற்சியாளர் சார்பில் பார்த்து நிற்பவர் கையெழுத்துப் போட வேண்டும். பல நாள் அந்த ஆள் சைஸ்தான். எண்ணைச் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டால் பிறகு எதையும் மறுத்துப் பேச வாய் இருக்காது. அந்த இடத்தில் நிதானமாக நிற்கத் தெரிந்த பையன் லாயத்தில் மேலே வருவான்.

அப்படியானால் அனுப்பலாமா?

முழு நேர வேலைக்கு இப்போதே என்றால், வேண்டாம் என்பேன். காரணம் மருந்து இல்லை. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி, கிராஞ்சி திடல் மூடப்பட்டது. பினாங்கிலும் 2025-இல் கடைசியாக ஓடிவிட்டார்கள், 1864-இல் தொடங்கிய கிளப் அது. தீபகற்பத்தில் மிச்சம் நிற்பது ஈப்போ திடலும் சுங்கை பீசி திடலும். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரம் நிற்கிற இடமே ஒரு காலத்தில் பந்தயத் திடல்தான். நிலத்துக்கு விலை ஏறினால் குதிரைக்கு இடம் இருக்காது. தோட்டம் துண்டுபோட்டு வீடமைப்புத் திட்டமானதைக் கண்ணால் பார்த்த குடும்பம் உங்களுடையது. அதே மாதிரி இன்னொரு நிலத்தை நம்பி 17 வயதில் பிள்ளையை இறக்கிவிடாதீர்கள்.

தடுக்கவும் செய்யாதீர்கள். தடுத்தால் மாமாவுக்குப் போன் போட்டுவிட்டு ஒரு நாள் விடியற்காலையில் பஸ் ஏறிவிடுவான். படிவம் ஆறு தொடங்கும்வரை இடையில் இருக்கும் வாரங்களில் மாமாவோடு போகட்டும். இருட்டோடு எழுந்து, சாணம் அள்ளி, பதிவேடு எழுதுவதைப் பார்க்கட்டும். சம்பளம் கொடுத்தால் சேமநிதியும் சொக்சோ காப்புறுதியும் பிடிக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அவனுக்கு எஸ்.பி.எம். தேர்வில் வேதியியலும் உயிரியலும் நன்றாக வந்திருக்கின்றன. குதிரை மேல் ஆசையும் இந்த இரண்டு பாடமும் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளை எனக்கு வருடத்துக்கு ஒருவர்கூடக் கிடைப்பதில்லை. படிவம் ஆறோ மெட்ரிகுலேஷனோ முடித்து நல்ல புள்ளி வந்தால், செர்டாங்கில் யூ.பி.எம். பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம், 5 வருடம். கிளந்தானில் யூ.எம்.கே.-யிலும் உண்டு. முடித்தால் மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு, அப்புறம் சிரிஞ்சைப் பிடிக்கச் சட்டப்படி உரிமை உள்ளவனே அவன்தான். புள்ளி அவ்வளவு எட்டாது என்றால் வேதியியல் பட்டம், அல்லது யூ.எஸ்.எம்., யூ.கே.எம். இரண்டிலும் உள்ள தடயவியல் படிப்பு. லட்சம் கோடியில் 21 பங்கைக் கண்டுபிடிக்கிறது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்கிற கருவி. அதை இயக்கத் தெரிந்தவனை ஹாங்காங் பந்தய ஆய்வகம் மாதிரி இடங்களும் தேடும், இங்கே இரசாயனத் துறையும் மருந்துத் தொழிற்சாலைகளும் உணவுப் பரிசோதனைக் கூடங்களும் தேடும். ஈப்போ திடல் நாளைக்கே மூடினாலும் அவன் படிப்பு மூடாது.

செலவைப் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்கள் தயங்கியது எனக்குப் புரிந்தது. பி.டி.பி.டி.என். கல்விக் கடன், உதவிச் சம்பளம் பற்றி நேரில் கணக்குப் போட்டுப் பார்ப்போம், கடிதத்தில் வேண்டாம்.

வருகிற வியாழக்கிழமை மாலையில் நான் டவுனில்தான் இருப்பேன். தம்பியையும் கூட்டி வாருங்கள், மாமாவால் முடிந்தால் அவரும் வரட்டும். எஸ்.பி.எம். முடிவுத் தாளின் நகல் ஒன்று வேண்டும். சின்ன வயதிலிருந்து தம்பிக்கு முழங்கை மடிப்பில் அரிப்பு என்று சொன்னீர்கள். அதற்குப் பூசுகிற களிம்பின் டியூபையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், மேலே என்ன மருந்து எழுதியிருக்கிறது என்று மாமாவும் பார்க்கட்டும்.