பட்டறை வாசலில் இளகிய தார்

அம்மா, சென்ற வாரம் திருமங்கலத்திலிருந்து மகளை அழைத்து வந்திருந்தபோது, தாய்மாமன் சொல்லைத் தட்ட முடியாமல், நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் இடம் வாங்க நகைகளை அடகு வைக்கப்போவதாகக் கண் கலங்கினீர்கள். அன்று ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அடகு வைக்காதீர்கள் என்று அப்போதே உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

புறப்படும்போது உங்கள் மகள் ஒன்று கேட்டாள். அப்பாவின் பைக் பட்டறை வாசலில் பழைய இன்ஜின் ஆயில் சிந்திச் சிந்தித் தார் இளகி, ஜல்லி கையோடு பெயர்ந்து வருகிறதாம். அப்படியானால் காய்ந்து வெடித்த சாலையை அதே எண்ணெயால் சீராக்க முடியாதா என்றாள். பல நாட்டு ஆய்வாளர்கள் கையில் எடுத்திருக்கும் கேள்வி அது.

ஆண்டுக்கணக்கில் காற்றும் வெயிலும் பட்ட தாரில் எண்ணெய்த் தன்மை குறைந்து, அஸ்பால்டீன் என்னும் கடினப் பகுதி பெருகுகிறது. பெயர்த்தெடுத்த பழைய சாலைக் கலவையை மறுபடி பயன்படுத்தும்போது, வடிகட்டி நீர் நீக்கிய கழிவு ஆயிலையோ, வடையும் பஜ்ஜியும் பொரித்து மிஞ்சிய எண்ணெயையோ அளவறிந்து சேர்த்தால், இறுகிய தார் மீண்டும் இளகும். அளவு மீறினால் உங்கள் பட்டறை வாசலில் நடந்ததுதான் நடக்கும்: சித்திரை வெயிலில் லாரிச் சக்கரம் பதிந்து பள்ளம் விழும், மழையில் ஜல்லி பிரியும். அந்த அளவைக் கண்டுபிடிப்பதே ஒரு தொழில். 25 டிகிரி வெப்பத்தில், 100 கிராம் பாரம் ஏற்றிய ஊசி 5 நொடியில் தாருக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பதிலிருந்து அது தொடங்குகிறது.

இதற்கு வழி சிவில் இன்ஜினியரிங். முதல் சில ஆண்டுகள் வெயிலிலும் புழுதியிலும் நிற்க நேரும். சம்பளமும் குறைவாகத்தான் தொடங்கும். ஆனால் எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் தகுதி பெற்றுப் போக்குவரத்துப் பொறியியலில் எம்.டெக். சேர்ந்தால், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு இந்த ஆய்வையே படிப்பாக்கிக்கொள்ளலாம். கழிவுப் பிளாஸ்டிக்கைச் சாலைக்குப் பயன்படுத்தும் முறைக்காக 2018இல் பத்மஸ்ரீ பெற்ற பேராசிரியர் வாசுதேவன், நம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் உங்கள் மகள். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். அப்படியிருக்க, அவள் ஒருமுறைகூடக் கேட்காத படிப்புக்காக நகைக்கு வட்டி கட்டுவதை என்னால் ஏற்க முடியாது. கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் சிவிலை முதலில் எழுதட்டும். மாமாவை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள். அவரிடம் நானே பேசுகிறேன்.