இரண்டு வாரத்தில் காது மூக்கு தொண்டை

அன்புள்ள டாக்டர்,

மருத்துவக் கல்லூரி ஒன்றில் காது மூக்கு தொண்டைத் துறையில் புதிதாக ஆசிரியப் பணியில் சேர்ந்திருக்கிறேன். இளநிலை மாணவர்கள் பத்துப் பத்துப் பேராக இரண்டு வாரத்துக்கு எங்களிடம் வருகிறார்கள். பாதி நாள் அறுவை அரங்கில் திரையைப் பார்த்தபடி நிற்பதிலேயே போய்விடுகிறது. திரும்பிப் போகும்போது, காதுக்குள் பார்க்கும் கருவியான ஓட்டோஸ்கோப்பைச் சரியாகப் பிடிக்கக்கூடப் பலருக்குத் தெரிவதில்லை. இவர்களில் பெரும்பாலோர் இந்தத் துறைக்கு வரப்போவதும் இல்லை. எதைக் கொடுத்து அனுப்புவது, எதை விட்டுவிடுவது? கேட்கும் திறனை அளந்து வரைபடமாகத் தரும் ஆடியோகிராம் இருக்கும் காலத்தில், தட்டினால் ஒலிக்கும் இசைக்கவைக்கு நேரம் ஒதுக்கத்தான் வேண்டுமா?

வி.

அன்புள்ள வி.,

பெரும்பாலோர் இந்தத் துறைக்கு வரப்போவதில்லை என்கிறீர்களே, அதை வைத்துத்தான் பாடத்தை அமைக்க வேண்டும். அவர்கள் பொது மருத்துவராக, குழந்தை மருத்துவராக, அவசரப் பிரிவில் இரவுப்பணி பார்ப்பவராக ஆகப்போகிறவர்கள். காது வலி என்று வருபவரையும் மூக்கில் ரத்தம் ஒழுக வருபவரையும் நமக்கு முன்னால் பார்ப்பது அவர்கள்தான். அறுவை அரங்கை ஒரே நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற நாட்கள் புறநோயாளிப் பிரிவில், கையில் கருவியோடு கழியட்டும்.

முதல் இரண்டு நாள் நோயே வேண்டாம். ஒருவர் காதை ஒருவர் பார்க்கட்டும். பத்துப் பேர் என்றால் ஒவ்வொருவருக்கும் மற்றவர்களின் 18 காதுகள் கிடைக்கும். இயல்பான செவிப்பறையைப் பலமுறை பார்த்துப் பழகாத கண்ணுக்கு நோயுள்ள செவிப்பறை புலப்படாது.

வலது காதுக்கு வலது கை, இடது காதுக்கு இடது கை. ஓட்டோஸ்கோப்பைப் பேனா பிடிப்பது போலப் பிடித்து, சுண்டுவிரல் பக்கத்தை நோயாளியின் கன்னத்தில் ஊன்ற வேண்டும். அப்போதுதான் அவர் திடீரென்று தலையை அசைத்தாலும் கருவி கூடவே நகரும், காதுக்குள் குத்தாது. மறு கையால் காது மடலைப் பெரியவர்களுக்கு மேலும் பின்னும் இழுக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்குக் கீழும் பின்னும். வலியில்லாமல் நுழையக்கூடிய முனைகளில் மிகப் பெரியதை எடுக்கச் சொல்லுங்கள். பயத்தில் எல்லோரும் சிறியதைத்தான் எடுப்பார்கள். அது ஆழமாகப் போய், தோல் மெலிந்திருக்கும் எலும்புப் பகுதியில் இடிக்கும். நோயாளி துள்ளுவார், பார்வைப் பரப்பும் குறுகிவிடும். இன்னொரு வழக்கமான தவறு, கருவியை நேராகவோ பின்னோக்கியோ செலுத்துவது. பிறகு, “குழாய்ச் சுவர்தான் தெரிகிறது சார்” என்பார்கள். முனையைச் சற்று மூக்குப் பக்கமாகத் திருப்பினால் செவிப்பறை எதிரே வரும்.

உள்ளே பார்த்ததும் முதலில் தேட வேண்டியது செவிப்பறையோடு ஒட்டியிருக்கும் சுத்தி எலும்பின் கைப்பிடி. செவிப்பறையில் வெளிச்சம் பட்டு மின்னும் ஒளிக்கூம்பைத் தேடி ஆரம்பிக்கிற மாணவர் தடுமாறுவார். இயல்பான காதிலும் அது மங்கலாக இருக்கலாம். கைப்பிடியின் கீழ்முனையிலிருந்து ஒளிக்கூம்பு வலது காதில் 5 மணி திசையிலும் இடது காதில் 7 மணி திசையிலும் விரியும். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே மேலே போய், அதன் சிறு மேட்டைத் தாண்டி, செவிப்பறையின் தளர்வான மேல்பகுதியையும் பார்த்தாக வேண்டும். பெரும்பாலோர் பார்க்காமல் விடும் இடம் இது. காலஸ்டியாட்டோமா, அதாவது நடுக்காதில் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் நோய், பலருக்கு இங்கேதான் தொடங்கும். அங்கே ஒட்டியிருக்கும் பொருக்கைக் குறும்பி என்று எழுதிவிட்டு நகரக்கூடாது.

குழந்தையின் செவிப்பறை சிவந்திருந்தாலே தொற்று என்று முடிவுகட்டும் பழக்கத்தையும் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும். அழுகிற குழந்தைக்குச் செவிப்பறை சிவக்கத்தான் செய்யும். வெளிப்பக்கம் புடைத்திருக்கிறதா என்பதே கேள்வி.

இசைக்கவைக்கு அரை நாள் முழுதாக ஒதுக்குங்கள். ஆடியோகிராம் இருக்கும் இடத்தில் நாம் இருக்கிறோம்; அவர்கள் இருக்கப்போவதில்லை. ஒருவர் காலையில் எழுந்ததும் ஒரு காது அடைத்துக்கொண்டது என்று வருகிறார். குறும்பியும் இல்லை, செவிப்பறையும் நன்றாக இருக்கிறது. சளி அடைப்பு என்று சொட்டு மருந்து எழுதி அனுப்பிவிடுவார்கள். அது உள்காதின் திடீர் கேட்பிழப்பாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் கடந்தால் பலன் குறைந்துகொண்டே போகும். இரண்டையும் அந்த இடத்திலேயே பிரித்துக் காட்ட ஒரு 512 ஹெர்ட்ஸ் கவை போதும்.

512-ஐத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. அதைவிடக் குறைந்த அதிர்வெண்ணில் நோயாளி ஒலியைக் கேட்பதற்குப் பதில் எலும்பில் அதிர்வை உணர்ந்துவிடுவார். கூடினால் ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். மேசையில் தட்டக்கூடாது, துணை ஒலிகள் கிளம்பும். முழங்கையிலோ முழங்காலிலோ தட்டினால் போதும். வெபர் சோதனைக்கு நெற்றி நடுவில் வைத்து, “சத்தம் எங்கே கேட்கிறது?” என்று மட்டும் கேட்க வேண்டும். “எந்தக் காதில்?” என்று கேட்டால் நடுவில் கேட்பவரும் ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லிவிடுவார். ஒலி அடைத்த காதுக்கே போனால் கடத்தலில், அதாவது ஒலி உள்காதுக்குப் போய்ச் சேரும் வழியில் குறை. நல்ல காதுக்குப் போனால் உள்காதிலோ நரம்பிலோ குறை.

ரின்னே சோதனையில் கவையைக் காதுக்கு எதிரேயும், காதுக்குப் பின்னாலுள்ள எலும்பிலும் வைத்து ஒப்பிடுகிறோம்; எலும்பில்தான் நன்றாகக் கேட்கிறது என்றால் கடத்தல் குறை. இதில் ஒரு பொறி இருக்கிறது. இடது காது முற்றிலும் செயலிழந்தவருக்குக் கவையை இடது காதுக்கு எதிரே பிடித்தால் கேட்காது. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைத்தால் “கேட்கிறது” என்பார். மண்டையோட்டின் வழியே ஒலி வலப்பக்கம் போய், வலது உள்காது அதைக் கேட்டிருக்கும். மாணவர் இதைக் கடத்தல் குறை என்று எழுதிவிடுவார். அப்போது வெபரைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உண்மையில் கடத்தல் குறையென்றால் ஒலி இடப்பக்கம் போயிருக்க வேண்டும். இவருக்கோ வலப்பக்கம் போகும். இந்த இரண்டு சோதனைகளையும் தனித்தனியாகச் சொல்லிக்கொடுப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

மூக்கில், இயல்பாகவே பக்கச் சுவரில் இருக்கும் மடிப்பான கீழ் டர்பினேட்டைப் பாலிப் (சதை வளர்ச்சி) என்று எழுதாத மாணவர் குறைவு. டர்பினேட் இளஞ்சிவப்பு, பக்கச் சுவரோடு ஒட்டியது, தொட்டால் கூசும். பாலிப் வெளிறி, ஈரப்பளபளப்போடு இருக்கும், தொட்டால் தெரியாது. ஆனால் ஒரே பக்கம் மட்டும் சதை தெரிந்தால் பாலிப் என்று விட்டுவிடாமல் நம்மிடம் அனுப்பச் சொல்லுங்கள். வளரிளம் பையனுக்கு ஒருபக்க அடைப்பும் அடிக்கடி ரத்தக்கசிவும் இருந்தால் ரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டியான ஆஞ்சியோஃபைப்ரோமா மனதில் வர வேண்டும். அதிலிருந்து சோதனைக்குச் சதைத்துண்டு எடுக்கவே கூடாது, ரத்தம் பெருகிவிடும்.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்ப்பதும், மேலே எலும்பைப் பிடிப்பதும் மருத்துவ மாணவர்களிடமும் காணும் தவறுகள். உட்கார வைத்து, முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். பெரும்பாலான கசிவு நடுச்சுவரின் முன்பகுதியிலிருந்துதான் வருகிறது. அந்த அழுத்தம் நேராக அங்கே படும். நடுவில் ஒருமுறை விட்டுப் பார்த்தாலும் கணக்கு முதலிலிருந்து. வாயில் இறங்குவதை விழுங்காமல் துப்பச் சொல்ல வேண்டும்.

காத்திருக்க முடியாதவை சில உண்டு. மூக்கிலோ காதிலோ பட்டன் பேட்டரி இருந்தால் சில மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடும். தண்ணீர், சொட்டு மருந்து எதுவும் விடாமல் உடனே எடுக்க வேண்டும். மூக்கில் அடிபட்டு வருபவருக்கு எலும்பு முறிவை மட்டும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். நடுச்சுவரின் இருபுறமும் மெத்தென்று வீங்கி, பஞ்சுக் குச்சியால் தொட்டால் அமுங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது. குருத்தெலும்புக்கு ஊட்டம் அதன் மேலுறையிலிருந்தே வருவதால், உறை பிரிந்தால் குருத்தெலும்பு இறந்துபோகும், மூக்குத்தண்டு பள்ளமாகிவிடும். அன்றே வடித்தாக வேண்டும். மூச்சிழுக்கும்போது சத்தம் வர, எச்சில் வடிய, முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையின் வாய்க்குள் நாக்கை அழுத்திப் பார்க்கவே கூடாது. மூச்சுப்பாதை முற்றிலும் அடைத்துக்கொள்ளக்கூடும். மயக்கவியல் மருத்துவரை அழைப்பதுதான் முதல் வேலை.

தொண்டைக்கு அதிக நேரம் வேண்டாம். நாக்கின் முன் மூன்றில் இரண்டு பகுதியோடு, நாக்கை அழுத்தும் பட்டையை நிறுத்தினால் குமட்டாது. குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும். காது வலிக்கிறது, ஆனால் காது இயல்பாக இருக்கிறது என்றால் பல், தாடை மூட்டு, நாக்கின் அடி, டான்சில், குரல்வளை என்று வரிசையாகத் தேட வேண்டும். இவற்றுக்கும் காதுக்கும் நரம்புகள் பொது. புகைப்பவருக்கு விடாத ஒருபக்கக் காது வலி இருந்தால் தொண்டைப் புற்றுநோயை மறுக்கும்வரை தேடலை நிறுத்தக்கூடாது.

மாஸ்டாய்டு அறுவையின் வகைகள், கருவிகளின் பெயர்ப் பட்டியல், புற்றுநோயின் நிலைப்பிரிவு அட்டவணைகள் இவற்றையெல்லாம் விட்டுவிடலாம். தேவைப்படுபவர் பிறகு படித்துக்கொள்வார்.

கடைசி நாள் எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். ஒரு காதைப் பார்த்து, பார்த்ததை வரையச் சொல்லுங்கள். “நார்மல்” என்ற ஒற்றைச் சொல்லை ஏற்க வேண்டாம். கைப்பிடி எங்கே, மேல்பகுதி தெரிந்ததா, நிறம் என்ன, எந்தப் பகுதி தெரியவில்லை என்று படத்திலேயே குறிக்கட்டும். பிறகு அதே காதை நீங்களும் பார்த்து, படத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுங்கள்.