பானட் சூடாக இருக்கிறதா? பழைய டீசல் பிக்கப்: வாசகர் கேள்வி பதில்

பழைய டீசல் பிக்கப் வாங்குவது, வாங்கியதை வைத்து ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய டீசல் பிக்கப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மெக்கானிக்கைக் கூட்டிப் போகும் முன் நானாகவே எதையெல்லாம் பார்க்கலாம், ஐயா?

காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை, பானட்டைத் திறந்து இஞ்சினையும் ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் தொட்டுப் பார்ப்பது. சூடாக இருந்தால் உங்களிடம் காட்டக்கூடாத ஏதோ ஒன்று ஸ்டார்ட்டிங்கில் இருக்கிறது. இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். டீசல் இஞ்சின் நெருப்புப் பொறியால் எரிவதில்லை. அழுத்திய காற்றின் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும், வால்வு சரியாக உட்காராவிட்டாலும், டீசலைத் தெளிக்கும் நாசில் ஒழுகினாலும் ஆறிய இஞ்சினில்தான் அது அப்பட்டமாகத் தெரியும். சூடான பிறகு பாதிக் குறைகள் ஒளிந்துகொள்ளும்.

இஞ்சின் ஆறியிருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம் (சூடாக இருக்கும்போது ஒருநாளும் திறக்காதீர்கள்). கூலன்ட் தெளிந்த நிறத்தில் இருக்க வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, துருத் தண்ணீராக இருந்தாலோ யோசியுங்கள். அடுத்து ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக். டீசல் இஞ்சினில் ஆயில் கறுப்பாக இருப்பது குறையே இல்லை, மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பால் கலந்த காப்பி நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு மேல் கோட்டைத் தாண்டி, முகர்ந்தால் டீசல் வாடையும் வந்தால் ஆயிலில் டீசல் இறங்குகிறது.

இப்போது சாவியைத் திருப்பி, ஹீட்டர் விளக்கு (இஞ்சினை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் அடையாளம்) அணைந்ததும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சைலன்ஸர் பக்கம் நில்லுங்கள். இரண்டு மூன்று நொடிக்குள் பிடித்து, ஒரு சின்னப் புகைக்குப் பின் சீராக ஓடினால் நல்லது. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. மூடி துள்ளிக் கீழே விழுந்து, வாய் வழியாகப் புகை விட்டு விட்டு அடித்தால் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். சில இஞ்சின்கள் இயல்பாகவே கொஞ்சம் ஊதும். சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்ற சோதனை) எடுத்துவிட்டுப் பேரத்துக்குப் போங்கள். பெரும்பாலான டீசல் இஞ்சின்களில் 25 முதல் 30 பார் வரை காட்டும். 20க்குக் கீழே போனாலோ, ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் 5 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ இஞ்சின் வேலைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் விலை பேச வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். இஞ்சின் மட்டும் கத்தி வண்டி வேகம் பிடிக்காவிட்டால் கிளட்ச் ஸ்லிப். கரும்புகையோடு இழுவை குறைந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ (இஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி) ஹோஸில் கிழிசல், நாசில் என்ற வரிசையில் தேடலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

டர்போவுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. இஞ்சினை அணைத்து, காற்று உள்ளே போகும் ஹோஸைக் கழற்றி, விசிறியின் நடுத்தண்டை விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கத்தான் செய்யும். முன்னும் பின்னும் தள்ளும்போது ஆட்டம் கைக்குத் தெரியக்கூடாது. விசிறி சுவரில் உரசிய தடம் இருந்தால் புது டர்போதான். ஹோஸுக்குள் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது சகஜம், குளமாகத் தேங்கியிருப்பதுதான் கோளாறு.

கேள்வி: மீட்டரில் கிலோமீட்டர் மிகக் குறைவாக இருக்கிறது. நம்பலாமா?

மீட்டரை விட்டுவிட்டுப் பெடல் ரப்பரைப் பாருங்கள். கிளட்ச் பெடல் வழவழப்பாகத் தேய்ந்து, ஸ்டியரிங் பளபளத்து, டிரைவர் சீட்டின் ஓரம் பிய்ந்திருக்கும் வண்டி குறைவாக ஓடியிருக்க முடியாது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. குறைவாக ஓடிய வண்டியில் ஏற்கெனவே மூன்றாவது செட் டயர் ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இஞ்சின் அருமையாக இருக்கிறது. சேஸில் மட்டும் கொஞ்சம் துரு. வெல்டு வைத்து ஓட்டிவிடலாமா?

இஞ்சினை இறக்கி வேலை பார்த்துவிடலாம், வேறு இஞ்சினே கூட மாற்றலாம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸ் போனால் வண்டியே போச்சு. டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் 1995 முதல் 2000 வரையிலான டகோமா பிக்கப்புகளைச் சேஸ் துருவுக்காக 2008இல் உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கவே ஆரம்பித்தது. இஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளும் அதில் போயின.

பெட்டி வடிவச் சேஸ் உள்ளிருந்துதான் அரிக்கும். சேறும் தண்ணீரும் உள்ளே போய், வடிகால் துளைகள் அடைத்துக்கொண்டதும் அங்கேயே ஊறிக் கிடக்கும். வெளியே பெயின்ட் அழகாக இருக்கும், உள்ளே தகடு பிஸ்கட் மாதிரி இருக்கும். அதனால் கண்ணை நம்பாமல் சுத்தியை நம்புங்கள். பின் கமான் பட்டையின் முன் கொக்கி, பின் ஆக்ஸிலுக்கு மேலே வளையும் இடம், டீசல் டேங்கின் மறைவு, ஸ்டெப்னி தொங்கும் குறுக்குச் சட்டம் ஆகிய இடங்களில் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'கணீர்' என்று பேசும். அரித்தது 'தொப்' என்று அமுங்கும். அங்கே பழைய ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். அடிப்பகுதி முழுக்க நேற்று அடித்த மாதிரி புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால், இன்னும் ஒரு சுற்று கூடுதலாகத் தட்டுங்கள்.

மேலாகத் துரு பூத்திருந்தால் சுரண்டி, பிரைமர் அடித்து, உள்ளே மெழுகுப் பூச்சு ஏற்றினால் போதும். ஓட்டை விழுந்த சேஸுக்குத் தகடு வைப்பது, சேஸ் வேலை தெரிந்தவர் கையில் மட்டும் நடக்க வேண்டியது. தகட்டின் முனையைச் செங்குத்தாக வெட்டி, சேஸின் குறுக்கே நேர்க்கோடாக வெல்டு ஓட்டினால், சுமை ஏறும்போது அந்தக் கோட்டை ஒட்டியே விரிசல் விடும். முனை சாய்வாக இருக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ எரியலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். பத்தடி தள்ளி நின்று, கேபினுக்கும் பின் தொட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். கீழே குறுகி மேலே அகன்றிருந்தால் சேஸ் பின்பக்கமாகத் தொங்கிவிட்டது. அளவுக்கு மீறிச் சுமந்த வண்டி என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கேள்வி: லோடு ஏற்றினால் பின்பக்கம் அமுங்குகிறது. கமான் கட்டில் ஒரு பட்டை கூட்டினால் என்ன?

முதலில் இருக்கிற பட்டைகளை எண்ணி, ஒவ்வொன்றின் நுனியிலும் நடுவிலும் விரிசல் தேடுங்கள். ஒன்று உடைந்துதான் அமுங்குகிறது என்றால் அதை மாற்றினாலே போதும். பட்டைகளைக் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்ஸில் நகர்ந்திருக்கிறதா என்பதையும் இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

பட்டை கூட்டினால் வண்டி நிமிரும். ஆனால் வண்டி தாங்கும் எடை கூடிவிடாது. ஆக்ஸில், பேரிங், பிரேக், சேஸ் எல்லாம் பழையவையே. மொத்த எடை என்று தகட்டில் போட்டிருக்கும் எண்ணில் நீங்கள், உடன் வருபவர், 70 லிட்டர் டேங்கில் நிற்கும் கிட்டத்தட்ட 59 கிலோ டீசல் எல்லாமே அடக்கம்.

பலருக்குத் தெரியாத ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. பல பிக்கப்புகளில் பின் ஆக்ஸிலுக்கு மேலே, பிரேக் குழாய்கள் வந்து சேரும் சின்ன வால்வு ஒன்று சேஸில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்ஸிலுக்கு இறங்கும். பின்பக்கம் அமுங்க அமுங்க, அந்தக் கம்பி வழியாக வால்வு சுமையை உணர்ந்து பின் சக்கரத்துக்கு அதிகப் பிரேக் அழுத்தம் கொடுக்கும். பட்டை கூட்டி உயர்த்தியதும், ஒரு டன் ஏற்றியிருந்தாலும் வண்டி காலியாக இருப்பதாக வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் சோம்பிவிடும், முழுப் பாரமும் முன் பிரேக் தலையில் விழும். ஆகவே பட்டை கூட்டினால் அந்தக் கம்பியின் நீளத்தையும் அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும். கமான் கட்டை ஆக்ஸிலோடு பிடிக்கும் யு போல்ட்டுகளை சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்குங்கள்.

கேள்வி: ராத்திரி நிறுத்திவிட்டால் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. பிடித்துவிட்டால் நாள் முழுக்கப் பிரச்சினை இல்லை. ஹீட்டர் பிளக்கா?

பிடித்தவுடன் எப்படி ஓடுகிறது என்று சொல்லவில்லையே! வெள்ளைப் புகையோடு, ஒரு சிலிண்டர் அடிக்காத மாதிரி குலுங்கிவிட்டு, பிறகு சீரானால் ஹீட்டர் பிளக் பக்கம் பாருங்கள். பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றி, ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் இஞ்சின் பாடிக்கு மீட்டர் வையுங்கள். ஓரிரு ஓம்முக்குள் காட்டினால் உயிர் இருக்கிறது, மீட்டர் அசையவே இல்லை என்றால் செத்துவிட்டது. எல்லாமே நன்றாக இருந்தால் ரிலேயிலிருந்து கரன்ட் வருகிறதா என்று பாருங்கள். பிளக்கை ஆறிய இஞ்சினில் முரட்டுத்தனமாகக் கழற்றாதீர்கள். மிதமான சூட்டில், துரு இளக்கும் எண்ணெய் விட்டு, கொஞ்சம் முன்னும் பின்னும் திருகிக் கழற்றுங்கள். உள்ளே உடைந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம்.

புகையே இல்லாமல் வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்து பிறகு பிடித்தால், டீசல் லைனில் ஏர் பிடித்திருக்கிறது. டேங்கிலிருந்து பம்ப் வரை உறிஞ்சும் பாதை. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். நிறுத்திய இரவில் டீசல் மெல்லத் திரும்பி டேங்குக்கே இறங்கிவிடும். பம்ப்புக்கு முன்னால் உள்ளே தெரியும் ஒரு சாண் பிளாஸ்டிக் ஹோஸ் போட்டுப் பாருங்கள், குமிழி ஓடுவது தெரியும். எங்கே என்று கண்டுபிடிக்க, ஒரு சுத்தமான கேனில் டீசல் எடுத்து உயரமாக வைத்து அதிலிருந்து ஃபில்டருக்குக் கொடுத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உடனே பிடித்தால் கோளாறு டேங்கிலிருந்து ஃபில்டர் தலை வரையிலான பாதையில். பெரும்பாலும் வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், அல்லது ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்ப்பின் சவ்வு.

ஏர் எடுக்க, ஃபில்டர் தலையில் உள்ள ப்ளீட் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும்வரை கைப்பம்ப்பை அமுக்குங்கள். அமுக்கியபடியே இறுக்குங்கள். பழைய ரோட்டரி பம்ப் (ஒரே பம்ப் எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைப் பங்கிடும் வகை) இஞ்சினில் இதன் பின்னும் பிடிக்காவிட்டால் நாசில் குழாய் நட் இரண்டை அரைச் சுற்றுத் தளர்த்தி செல்ஃப் அடிப்பார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இஞ்சினில் இந்த வேலை கூடவே கூடாது. அங்கே ஆயிரம் பாரைத் தாண்டிய அழுத்தம், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கேள்வி: பழைய ரோட்டரி பம்ப் வண்டியா, காமன் ரெயிலா, எதை வாங்குவது?

ஒதுக்குப்புறத்தில் ஓட்டி, நீங்களே ஸ்பேனர் பிடிப்பவர் என்றால் ரோட்டரி. இழுவையும் மைலேஜும் முக்கியம், நல்ல டீசல் கிடைக்கும் என்றால் காமன் ரெயில். எங்கள் சாய்வு முதலாவதன் பக்கம்தான், மறைக்கவில்லை.

காமன் ரெயில் எடுத்தால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் கேளுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் திரும்பு குழாயையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு ஓடவிட்டால், மற்றவற்றைவிட வேகமாக நிரம்பும் பாட்டில் குற்றவாளியைக் காட்டிவிடும். டொயோட்டாவின் 1கேடி இஞ்சின் என்றால் கூடுதலாக ஒன்று. இன்ஜெக்டருக்கு அடியில் உட்காரும் செம்பு வாஷர் கசிந்தால், எரிந்த வாயு மேலே வால்வு கவருக்குள் ஏறி ஆயிலைக் கரியாக்கும். அந்தக் கரி, இஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள ஸ்ட்ரெய்னரை (ஆயில் வடிகட்டும் வலை) அடைக்கும். ஒருநாள் ஆயில் பிரஷர் விழுந்து இஞ்சினே இறுகி நின்றுவிடும். வாஷர் மாற்றிய பில் இல்லையென்றால் சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: டைமிங் பெல்ட் மாற்றிவிட்டதாக விற்றவர் சொல்கிறார்.

பில் இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றவில்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடு சேர்த்து மாற்றுங்கள். மிட்சுபிஷி 4டி56 வகை இஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கு இன்னொரு சின்ன பெல்ட் இருக்கும். அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் வால்வும் பிஸ்டனும் மோதும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

கேள்வி: கியர் பாக்ஸுக்கும் டிஃபரென்ஷியலுக்கும் ஒரே ஆயில் ஊற்றலாமா?

வண்டிப் புத்தகம் வேறு சொல்லாவிட்டால் கூடாது. ஆக்ஸில் நடுவே உள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலுக்கு ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தரக் குறியீடு) வகை வேண்டும். அதில் உள்ள கந்தகச் சேர்மானம் மேனுவல் கியர் பாக்ஸின் பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு (கியர் உரசாமல் விழ உதவுபவை) ஆகாது, அதற்கு ஜிஎல்-4. பழைய ஆயிலை வடிக்கும்போது பால் நிறமாக இருந்தால் ஆக்ஸில் காற்றுக் குழாய் வழியே தண்ணீர் போயிருக்கிறது.

கேள்வி: டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் சுத்தமாக எரியுமாமே?

எரியும், பம்ப்பும் தேயும். டீசல்தான் பம்ப்புக்கு மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. அந்தக் காசுக்கு ஃபில்டர் வாங்குங்கள், தண்ணீர் பிரிப்பானின் அடித் திருகைத் திறந்து மாதம் ஒருமுறை கண்ணாடி டம்ளரில் வடித்துப் பாருங்கள்.

கேள்வி: அணைத்த பிறகும் இஞ்சின் தானாகவே உச்ச வேகத்தில் ஓடியதாக ஒரு நண்பர் சொன்னார். அப்படி நடக்குமா?

நடக்கும். டர்போ சீல் போய் இஞ்சின் ஆயிலே காற்றுப் பாதையில் இறங்கினால் அதுவே எரிபொருளாகிவிடும், சாவியைத் திருப்பியும் பயன் இல்லை. மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுக்க அழுத்தி, மேல் கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு இஞ்சினை அமுக்கி நிறுத்துங்கள். ஆட்டோமேட்டிக்கில் காற்று உள்ளே போகும் வாயைத் தடிப்பான பலகையால் அடைக்க வேண்டும், அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை அதற்குள் அடிக்க வேண்டும். கையையோ துணியையோ அங்கே கொண்டுபோகாதீர்கள், இழுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் வழியில்லை என்றால் விலகி நில்லுங்கள். நின்ற பிறகு டர்போவையும், அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் கழற்றி, தேங்கிய ஆயிலை முழுக்க வடிக்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்தால் அதே கதை திரும்ப நடக்கும்.