கொதிக்கும்போது எழும் வாடை

கேள்வி: காயடிக்காமல் எட்டு மாதம் வளர்த்த ஆண் வெண்பன்றியை அறுத்தபோது தெரியாத நாற்றம், கறி கொதித்ததும் மூத்திர வாடையாக எழுந்தது. தீவனக் கோளாறா?
– வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்

பதில்: தீவனம் முதற்காரணம் அன்று. பருவமெய்திய ஆண் பன்றியின் விதைகளில் உருவாகி, பெண் பன்றியை ஈர்க்க எச்சில் வழியே வெளிப்படும் ஆன்ட்ரோஸ்டெனோன் என்னும் வேதிப்பொருள், கொழுப்பிலும் தங்கிவிடுவதால், கொழுப்பு சூடேறும்போதுதான் அவ்வாடை கிளம்புகிறது. (ஒரே குழம்புக்கு ஒருவர் மூக்கைப் பொத்த, மற்றவர் ஒன்றும் தெரியவில்லை என்பார், சிலர் மூக்குக்கு அது எட்டுவதே இல்லை.) சாண நெடியும் சேர்ந்திருந்தால், அது பெருங்குடல் நுண்ணுயிரிகள் டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைப்பதால் உண்டாகும் ஸ்கேட்டோல் என்னும் பொருள்; கல்லீரல் அதைக் கழிப்பதை ஆண் ஹார்மோன்கள் மந்தப்படுத்துகின்றன. கொட்டில் சாணச் சேறாகக் கிடந்தாலும் அது கூடும். அடுத்த ஈற்றில், ஆண் குட்டிகளைச் சில வாரங்களுக்குள் கால்நடை மருத்துவரைக் கொண்டு காயடித்துவிடுங்கள்.