போனது பணம் மட்டும்தானா? முதலில் கனடா கோப்பைப் பாருங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே 2019 முதல் மாங்கூழ் ஆலை நடத்துகிறேன். புதுச்சேரியில் படித்ததால் பிரெஞ்சு நன்றாக வரும். டெஃப் கனடா தேர்வில் நான்கு பிரிவிலும் 7-ஆம் நிலை எடுத்திருக்கிறேன். கனடாவில் குடியேறித் தொழில் செய்ய ஓசூரில் ஒரு ஏஜென்டிடம் 6 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது 1 லட்சத்துக்குத்தான் தந்தார். சொந்தத் தொழில் அனுபவம் எடுபடாது என்று சொல்லி, நான் பெங்களூரு கம்பெனியில் மேனேஜராக இருந்ததாக ஒரு கடிதம் தயாரித்தார். அதைப் படித்துவிட்டுத்தான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். மனைவியின் நகை அடகில் இருக்கிறது. இப்போது போனை எடுப்பதில்லை. மூன்றரை லட்சம் தருவதாக ஆள் விட்டுச் சொல்கிறார். போலீசில் புகார் கொடுக்கலாமா?
— வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: நகை போனதும் ஏஜென்ட் முகம் காட்டாததும் வேதனைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் சட்டம் பார்க்கும் இடம் ஒன்றுதான்: அந்தப் பெங்களூரு கடிதம் கனடா குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா?

கனடா குடியேற்றத்துக்கான ஆன்லைன் முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் புரொஃபைல் மட்டும் போட்டிருந்தால் கடிதம் இன்னும் ஏஜென்டிடம்தான் இருக்கும். விவரத்தை இன்றே திருத்துங்கள், அல்லது புரொஃபைலையே எடுத்துவிடுங்கள். விண்ணப்பிக்கச் சொல்லி கனடாவிலிருந்து அழைப்பு வந்து, 60 நாள் கெடுவுக்குள் முழு விண்ணப்பமும் போயிருந்தால் கதையே வேறு. கனடா குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி தவறான தகவல் தந்தவருக்கு 5 ஆண்டுத் தடை. அந்தக் காலத்தில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு (பிஆர்) விண்ணப்பிக்கவே முடியாது. மனைவி, பிள்ளைகளின் விண்ணப்பமும் அதோடு விழும். கண்டுபிடிக்காமல் விசா கொடுத்துவிட்டாலும் நிம்மதி இல்லை, பின்னால் தெரிந்தால் அந்த அந்தஸ்தைப் பறிக்கலாம். "ஏஜென்ட் செய்தார்" என்பது அங்கே எடுபடாது. கையெழுத்து உங்களுடையது.

இதில் என் மனம் ஆறாத விஷயம், இந்தப் பொய்க்கு அவசியமே இல்லை என்பது. கனடாவுக்குள் செய்த சொந்தத் தொழிலைத்தான் கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் (கனடாவில் வேலை பார்த்தவர்களுக்கான பிரிவு) கணக்கில் எடுக்காது. அதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு ஏஜென்டுகள் எல்லோருக்கும் ஒரே கடிதம் அடிக்கிறார்கள். திறன்மிகு வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவில் இந்தியாவில் நடத்திய சொந்த ஆலை அனுபவம் செல்லும். 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்குத் தனி அழைப்புச் சுற்றும் நடக்கிறது. நான்கு பிரிவிலும் 7-ஆம் நிலை என்ற அதன் மொழித் தகுதி உங்களிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 5-ஆம் நிலை சேர்ந்தால் தரவரிசையில் கூடுதலாக 50 புள்ளி, இல்லாவிட்டால் 25. இந்த வழி கியூபெக்குக்கு வெளியே குடியேறுகிறவர்களுக்கு மட்டும். மான்ட்ரியலில் கடை திறக்கும் திட்டத்தை இதில் செருகாதீர்கள்.

உண்மையான அனுபவத்தைக் காட்டுவதில் உங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. வாரம் 30 மணி வீதம் ஓராண்டு இடைவிடாமல், மொத்தம் 1,560 மணி வேலை பார்த்திருக்க வேண்டும். பெங்களூரா, செந்தூரா மாம்பழ வரத்து நின்றதும் ஆலையின் பாய்லர் அணைந்துவிடும். மீதி மாதங்களில் என்ன செய்தீர்கள் என்று அதிகாரி கேட்பார். டின் சரக்கை விற்றது, ஆர்டர் பிடித்தது, அடுத்த சீசனுக்குத் தோப்பு பேசி அட்வான்ஸ் கொடுத்தது எல்லாம் வேலைதான், ஆனால் தாளில் இருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, வாங்கியவர்கள் தொகையோடு எழுதித் தரும் கடிதம் ஆகியவற்றைச் சேருங்கள். நீங்களே எழுதிக்கொள்ளும் அஃபிடவிட் போதாது. குடியேறக் காட்ட வேண்டிய தொகையும் கடனாக இருக்கக் கூடாது. நகைக் கடன் பணம் அதற்கு உதவாது.

இப்படி வழக்குக்கு வருகிறவர்கள் தொடர்ந்து விழுகிற குழி ஒன்று இருக்கிறது. கனடா குடிவரவுத் தளத்தில் உங்கள் கணக்கு ஏஜென்டின் மின்னஞ்சலில் திறந்திருக்கும். சந்தேகம் வந்தால் அதிகாரி முடிவெடுக்கும் முன் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்புவார். அது ஏஜென்டுக்குப் போகும், அவர் கண்டுகொள்ள மாட்டார், கெடு முடியும், தடை விழும். உங்களுக்குக் கடைசியில்தான் தெரியும். அதிகாரி கேட்பதற்கு முன் நீங்களே திருத்துவதற்கும், கேட்ட பிறகு விளக்கம் சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே கடவுச்சொல்லை வாங்குங்கள். தராவிட்டால், கனடா வழக்கறிஞர் ஒருவரையோ அங்கே உரிமம் பெற்ற ஆலோசகரையோ வைத்துப் பழைய பிரதிநிதியை ரத்து செய்து, கோப்பின் நகலையும் கேளுங்கள். ஆலோசகரின் உரிம எண்ணை, அங்கே உரிமம் தரும் அமைப்பான குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் நீங்களே சரிபாருங்கள்.

போலீசுக்கு இன்று போகாதீர்கள். கடிதம் பொய் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதையே புகாரில் எழுதினால், போலி ஆவணத்தைத் தெரிந்தே பயன்படுத்தியதாக பாரதிய நியாய சன்ஹிதா 340-ஆம் பிரிவு உங்கள் பக்கமும் திரும்பும். மறைத்து எழுதினால் பொய்ப் புகார். ஏஜென்டும் "இவர்தான் கேட்டார்" என்றுதான் சொல்வார். கனடா கோப்பைச் சரிசெய்த பிறகு, கிரிமினல் வழக்கறிஞர் ஒருவரை வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொல்லிப் புகார் கொடுப்பதைப் பற்றி முடிவெடுங்கள்.

பணத்துக்கு வருவோம். 6 லட்சத்தில் 1 லட்சத்துக்குத்தான் ரசீது. மூன்றரை தருகிறார் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்குப் போட்டு அதற்கு மேல் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பின்தேதி போட்ட செக் வேண்டாம், சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அன்றே வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களும் கடவுச்சொல்லும் அதே மேஜையில் கைக்கு வர வேண்டும். ஒப்பந்தத்தில் "ஆவணங்கள் அனைத்தையும் வாடிக்கையாளரே கொடுத்தார்" என்று ஒரு வரி இருக்கும். அதை அடித்துவிடுங்கள். கனடாவில் உங்களுக்கு எதிராக முதலில் நீட்டப்படும் தாள் அதுதான். "புகார் கொடுக்க மாட்டேன்" என்ற வரியும் வேண்டாம். கிரிமினல் வழக்கை அமுக்கப் பணம் என்ற உடன்பாடு கோர்ட்டில் நிற்காது. பணம் திரும்பக் கிடைத்ததற்கு ரசீது போதும்.

அவர் இழுத்தடித்தால், நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள்ளும் சிவில் கோர்ட்டில் 3 ஆண்டுக்குள்ளும் மனு போயாக வேண்டும். ரசீதின் தேதியை இன்றே பாருங்கள்.