க்ளைம் வந்தாதான் பிசியோ ஃபீஸ் தருவேன்னு சொல்றாரு, என்ன பண்றது?

கேள்வி: தண்டையார்பேட்டைல சின்னதா பிசியோதெரபி கிளினிக் வச்சிருக்கேன் சார், ஒரே ரூம், ரெண்டு கட்டில், வலிக்கு கரண்ட் வைக்கிற ஒரு ஐ.எஃப்.டி. மெஷின், அவ்ளோதான். முட்டி மாத்து ஆபரேஷன் பண்ண ஒரு மளிகைக்கடைக்காரர் 32 சிட்டிங் வந்தாரு, ஒரு சிட்டிங் 400 ரூபா, மொத்தம் 12,800. 2,000 குடுத்துட்டு மிச்சத்த இன்சூரன்ஸ் வந்ததும் தரேன்னாரு. இப்போ கம்பெனி "இது ஓ.பி. ட்ரீட்மென்ட், அதுவும் டாக்டர் பண்ணல"ன்னு மொத்தத்தையும் ரிஜெக்ட் பண்ணிடுச்சு. அவர் பாலிசில டிஸ்சார்ஜ் ஆனதுலேர்ந்து 60 நாள்தான் கவர், அதுக்கு மேல எடுத்த 9 சிட்டிங்க முன்தேதி போட்டு வேற பில் குடுங்கக்கான்னு அவர் பையன் கேக்குறான். குடுக்கலாமா? நானே கம்பெனி மேல கேஸ் போட முடியுமா?

பதில்: முதல்ல அந்த பில்லு விஷயம். குடுக்காதீங்கமா. பையன் பாசமா அக்கான்னு கூப்டுட்டுப் போய்டுவான், ஆனா கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் உங்களது. முதல் தடவ குடுத்த பில்லு சரியான தேதியோட கம்பெனி ஃபைல்ல ஏற்கனவே உக்காந்திருக்கு, இப்போ அதே 32 சிட்டிங் வேற தேதில போனா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்க ஒரு நிமிஷம் ஆகாது. பாரதிய நியாய சன்ஹிதால மோசடி 318, போலி ஆவணம் 336, ரெண்டும் உங்க பக்கம் திரும்பும், அவருக்கு நியாயமா வரவேண்டிய காசும் அதோட போய்டும். 3,600 ரூபாய்க்கு இது தேவையா?

ரெண்டாவது, கம்பெனி மேல நீங்க போக முடியாது. பாலிசி அவருக்கும் கம்பெனிக்கும் நடுவுல உள்ள ஒப்பந்தம், நீங்க கம்பெனியோட ஒப்பந்தம் போட்ட ஆஸ்பத்திரி லிஸ்ட்லயும் (நெட்வொர்க்) இல்ல, அதனால அவங்க உங்களுக்கு எதுவும் தரவேண்டியதில்ல. அதே நியாயம் இந்தப் பக்கமும் உண்டு, உங்க ஃபீஸ் உங்களுக்கும் அவருக்கும் நடுவுல உள்ள கணக்கு, கம்பெனி குடுத்தாலும் குடுக்கலன்னாலும் 10,800 அவர்தான் தரணும். "வந்ததும் தரேன்"னு சொன்னது டைம் கேட்டது, கடன தள்ளுபடி பண்ணது இல்ல. கடைக்கு வர்ற கஸ்டமர் சம்பளம் வந்தா தரேன்னு அரிசி வாங்கிட்டுப் போய் அப்புறம் சம்பளம் வரலன்னா இவர் விட்டுருவாரா!

ஆனா அந்த ரிஜெக்ஷன் எனக்கு சரியாப் படல, அவருக்கு காசு வந்தா உங்களுக்கும் வரும், அதனால சொல்றேன். ஆஸ்பத்திரிக்குப் பிந்தைய செலவுன்னா என்னன்னு இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கட்டுப்படுத்துற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வச்சிருக்க விளக்கத்துல ரெண்டு கண்டிஷன்தான், எந்த வியாதிக்கு அட்மிட் ஆனாரோ அதே வியாதிக்கான செலவா இருக்கணும், அந்த அட்மிஷன் க்ளைம் ஏத்துக்கக்கூடியதா இருக்கணும். ஆபரேஷன் காச கம்பெனி குடுத்திருந்தா ரெண்டாவது முடிஞ்சுது. வீட்லேர்ந்து வந்து போறவங்களுக்குத்தானே இந்த கவரே, அத ஓ.பி.ன்னு தள்ளுனா எப்படி? "டாக்டர் பண்ணல"ங்கறதும் அப்படித்தான், மருத்துவச் செலவுன்னா டாக்டர் சொல்லி ஆன செலவா இருக்கணும்னுதான் விளக்கம், டாக்டரே கைய வச்சு முட்டிய மடக்கணும்னு இல்ல. டிஸ்சார்ஜ் சம்மரி கடைசிப் பக்கத்துல மாத்திரை லிஸ்டுக்குக் கீழ பிசியோ தொடரச் சொல்லி ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் யாரும் படிக்க மாட்டாங்க, அதுதான் இங்க உயிர். ஒண்ணு மட்டும், பாலிசில பிசியோ கிடையாதுன்னு தனியா எழுதியிருந்தா கஷ்டம், அத முதல்ல பாக்கச் சொல்லுங்க.

அப்போ 60 நாளுக்குள்ள வந்த 23 சிட்டிங், 9,200 ரூபா, அதுக்கு அவர் சண்ட போடலாம். நீங்க தரவேண்டியது தேதிவாரியா ட்ரீட்மென்ட் ரெக்கார்ட், வந்தப்போ முட்டி எத்தன டிகிரி மடங்குச்சு, இப்போ எத்தன, பேஷன்ட் கையெழுத்து போட்ட நோட்டோட ஜெராக்ஸ், உங்க ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் போட்ட பில். முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு பிரிவுக்கு எழுதணும், ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ வந்தது திருப்தி இல்லன்னாலோ தேனாம்பேட்டைல இருக்க இன்சூரன்ஸ் புகார விசாரிக்கிற அதிகாரி, ஓம்புட்ஸ்மேன்கிட்ட ஒரு வருஷத்துக்குள்ள போகலாம். அங்க ஃபீஸ் கிடையாது, வக்கீலும் கூடாது, என் பொழப்பு கெட்டாலும் சொல்லித்தானே ஆகணும். இல்லன்னா நுகர்வோர் ஆணையம், அதுக்கு ரெண்டு வருஷம் டைம்.

இனி உங்க காசு. முடிஞ்ச வேலைக்குக் கூலி கேட்டு கேஸ் போட 3 வருஷம் இருக்கு, ஆனா அவ்ளோ நாள் விடாதீங்க. இன்னைக்கே வாட்ஸ்அப்ல "அண்ணே, 32 சிட்டிங்ல பாக்கி 10,800 இருக்கு, எப்போ தருவீங்க"ன்னு கேளுங்க. "அடுத்த மாசம் தரேம்மா"ன்னு ஒரு வரி அவர் போட்டாப் போதும், கடன ஒத்துக்கிட்டதுக்கு சாட்சி, மெசேஜ டெலிட் பண்ணாதீங்க, ஃபோன மாத்துனா பத்திரம். அப்பவும் தரலன்னா நோட்டீஸ், அதுக்கப்புறம் நேரா சிவில் கேஸ் வேண்டாம், ஐகோர்ட் வளாகத்துல இருக்க சட்டப்பணிகள் ஆணைக்குழுல மனு குடுங்க. பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, கூப்ட்டு உக்காரவச்சுப் பேசுவாங்க, இந்த மாதிரி தொகையெல்லாம் அங்கயே மாசம் இவ்ளோன்னு முடிஞ்சுரும்.

அடுத்த பேஷன்ட்லேர்ந்து அன்னன்னிக்கு காசு, அன்னன்னிக்கு பில். க்ளைம் பண்றது அவங்க வேலைன்னு ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதி முதல் நாளே கையெழுத்து வாங்கிருங்க. நிஜமாவே முடியாதவங்க வந்தா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோ வர்றாங்க, பக்கத்து அர்பன் ஹெல்த் சென்டர்ல பேரு குடுக்கச் சொல்லுங்க. அந்தப் பையன் மறுபடி வந்தான்னா பில்லுக்கு பதிலா அந்த டிஸ்சார்ஜ் சம்மரிய எடுத்துட்டு வரச் சொல்லுங்க.